செய்தவர் முதலில் தின்ன வேண்டும்

கொடைக்கானலில் கையை ஒழுங்காகக் கழுவத் தெரிந்தவர்கள் என்று நான் மதித்தது மொத்தம் இரண்டு பேரை. ஒருவர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத் தைக்கிற டாக்டர். இன்னொருத்தி கட்லெட் போட்டு விற்கிற அடைக்கலமேரி. மற்றவர்கள் எல்லாம் தண்ணீரைக் கண்டால் விரல் நுனியை நனைத்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொள்கிற ரகம். கேட்டால் குளிர் என்பார்கள். ஏப்ரல் மாதத்திலும் குளிர் என்பார்கள்.

என் பெயர் வேலுச்சாமி. மதுரையில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடம் நெய்யையும் மிளகாய்த்தூளையும் சோதித்தவன். எவன் எதில் எதைக் கலக்கிறான் என்று பார்த்துப் பார்த்து மனிதர்கள் மேலேயே மரியாதை போய்விட்டது. கடைசியில் மேலதிகாரியோடு சண்டை போட்டு வேலையையும் விட்டேன். அப்படிச் சும்மா கிடந்தவனைத்தான் 1984 ஜனவரியில் மலைக்குக் கூப்பிட்டார்கள்.

விஷயம் இதுதான். முந்தின வருடம் சீசனில் ஏதோ ஒரு கடையில் தின்ற டூரிஸ்ட் பஸ் ஒன்று முழுக்கப் படுத்துவிட்டது. பத்திரிகையில் நாலு வரி வந்தது. அந்த நாலு வரிக்குப் பயந்து, டீக்கடை, பேக்கரி, சாப்பாட்டுக் கடை என்று பதினொரு பேர் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கடைகளில் ஒரு சுகாதார முறையை ஏற்படுத்த வேண்டும், வாரா வாரம் வந்து பார்க்க வேண்டும், முறைப்படி நடக்கிற கடைக்குச் சான்றிதழ் தர வேண்டும். இதுதான் எனக்கு வேலை. சான்றிதழில் கையெழுத்து என்னுடையது.

சங்கத் தலைவர் சூசைமாணிக்கம். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே லாட்ஜும் கீழே ஓட்டலும் நடத்தியவர். கோயில் திருவிழாவில் மாதா சப்பரத்துக்கு முன்னால் குடை பிடித்துப் போகிறவர். எனக்குத் தன் லாட்ஜிலேயே வாடகை இல்லாமல் ஓர் அறை கொடுத்தார். மதியம் பிரியாணி, காலையில் படுக்கைக்கே காபி. நானும் வாங்கிக்கொண்டேன்.

முதல் மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். டீக்கடை மலைச்சாமியிடம், "தோளில் கிடக்கிற துண்டால் கிளாஸைத் துடைக்காதே, அதற்குத் தனித் துணி வை" என்று சொன்னேன். அடுத்த வாரம் போனால் வெள்ளை வெளேரென்று ஒரு புதுத் துணி ஆணியில் மாட்டியிருந்தது. மனிதர் தோள் துண்டால் கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தத் துணி?" என்று கேட்டேன்.

"அதுங்களா? அது நீங்க வந்து பாக்குறதுக்குங்க சார். அழுக்காயிரும்ல" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பொய்யும் இல்லை. மனதார என்னைத் திருப்திப்படுத்துவதாகத்தான் நினைத்திருந்தார்.

இன்னொரு கடைக்காரர், கை கழுவும் முறையை நான் படம் வரைந்து கொடுத்த அட்டைக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமை அதற்கும் சேர்த்துப் பூ போட்டார். அட்டைக்குக் கீழேயே சாம்பார் வாளியில் கைவிட்டுக் கரண்டியைத் தேடினார். இவர்களிடம் பேசிப் புண்ணியமில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஆனாலும் முறை என்று ஒன்றை எழுதினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். பச்சைக்கறி வெட்டுகிற கத்தியும் பலகையும் தனியாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நான் பெருமைப்பட்டது மூன்றாவது விதி: செய்தவர் முதலில் தின்ன வேண்டும். ஒவ்வொரு ஈடு முடிந்ததும் செய்தவர் அதில் ஒன்றை எடுத்து முழுதாகத் தின்ன வேண்டும், இரண்டு மணி நேரம் பொறுக்க வேண்டும், பிறகுதான் சரக்கு வெளியே போக வேண்டும். மதுரைக்கு மாதிரி அனுப்பி முடிவு வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் தின்றவன் பிழைத்திருப்பான் அல்லது புதைத்திருப்பார்கள். நாக்கில் தெரிகிற கெடுதல் உடனே தெரியும், நாக்கை ஏமாற்றுகிற கெடுதலில் பாதி இரண்டு மணி நேரத்தில் வயிற்றில் தெரியும். மலையில் இதைவிட நல்ல பரிசோதனைக் கூடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு. தேதி, சரக்கு, கொதித்த தண்ணீர், கத்தி, தின்று பார்த்தது என்று கட்டங்கள். வாரக் கடைசியில் நான் பார்த்ததற்குக் கீழே ஒரு கையெழுத்து. பயம் இருக்கட்டும் என்று கடைசியாக இன்னொரு விதியும் சேர்த்தேன். சரக்கு கெட்டுப்போனதாக நோட்டில் பதிவானால் அந்தச் சீசனுக்குச் சான்றிதழ் கிடையாது. இதை எழுதிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பதினெட்டு வருடம் மேலதிகாரிகளைக் கேலி பேசியவன் நான். ஏடு போட்டுச் சுரைக்காய் நட்டதும் நான்தான்.

அடைக்கலமேரியின் கடை என்பது நாயுடுபுரத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கொட்டகை. கரியடுப்பு, இரண்டு வாணலி, ஒரு மேஜை. மேஜையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. கணவன் இறந்தபின் மூன்று வருடம் சூசைமாணிக்கத்தின் ஓட்டலில் வேலை பார்த்திருக்கிறாள். அங்கே ஆட்டுக்கறி கட்லெட்டுக்குப் பெயர் வந்தது இவள் கைப்பக்குவத்தில்தான். பலகையில் எழுதியது "ஓனர் ஸ்பெஷல்". ஒருநாள் உப்பு ஒரு கல் கூடிவிட்டதென்று நாலு பேர் முன்னால் அவர் தட்டைத் தூக்கி அவள் காலடியில் போட்டிருக்கிறார். அன்றைக்கே கிளம்பியவள், சொந்தமாக அடுப்பு வைத்துக்கொண்டாள்.

"மூணு மாசத்துல நீ திரும்பி வந்து என் அடுப்படியிலதான் நிப்பேன்னாருங்க" என்று அவளே சொன்னாள். "ரெண்டு வருசமாச்சு. இன்னும் நிக்கல."

நிற்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டுதான் இருந்தது. டூரிஸ்டுகள் கொட்டகையைத் தேடி வருவதில்லை. மலையரசி பெண்கள் விடுதி என்று எண்பது பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம் ஒன்று இருந்தது. அங்கே சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குக் கட்லெட் கொடுக்க முடிவு செய்திருந்தார்கள். சங்கத்தின் சான்றிதழ் உள்ள கடைக்குத்தான் ஆர்டர் என்று வார்டன் சண்முகவள்ளி சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் கிடைத்தால் அடைக்கலமேரியின் அடுப்பு எரியும். கிடைக்காவிட்டால் சூசைமாணிக்கத்தின் அடுப்படிதான். அந்த ஆர்டரைக் கேட்டிருந்த இன்னொரு கடை சூசைமாணிக்கத்துடையது.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது அவள் ஓர் ஈடு போட்டு முடித்திருந்தாள். எனக்கு ஒரு கட்லெட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். நல்ல ருசி. "நீயும் தின்னு, நேரம் குறிச்சுக்கலாம்" என்றேன்.

"இன்னைக்கு வேணாங்க சார். சுத்தபோசனம்."

"அப்டீன்னா?"

"தவக்காலம்ங்க. கறி, மீனு தொட மாட்டோம். பாஸ்கா, அதான் ஈஸ்டரு, அது வரைக்கும் நாப்பது நாளும்."

எனக்கு உடனே உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் புரட்டாசி என்று என் மனைவி சொன்னால் அன்றைக்கே மீன் வாங்கி வருகிறவன் நான். நோட்டை எடுத்துப் புரட்டினேன். தவக்காலம் பிறந்த சாம்பல் புதன் தொடங்கி அன்றுவரை 'தின்று பார்த்தது' கட்டத்தில் முத்து முத்தாக டிக். அதற்குக் கீழே வாரா வாரம் என் கையெழுத்து.

"அப்ப இதெல்லாம் யாரு தின்னு போட்ட டிக்?"

அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மோந்து பாத்தேங்க சார். வாசனையிலயே தெரிஞ்சிரும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நூறு அழுக்கர்களுக்கு நடுவே ஒருத்தியை மதித்திருந்தேன், அவளும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள். "கறி தின்னா பாவம், பொய் எழுதுனா பாவமில்லையா? உங்க வேதத்துல அப்படித்தான் இருக்கா?" என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அத்தனையும் நினைவிருக்கிறது, எழுதக் கூசுகிறது.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. காரணத்தைச் சொன்னாள். ஒரே மகள் அருள்மணி ஆறு வயதில் காய்ச்சலில் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர்கள் கைவிட்டபோது சலேத் மாதாவிடம் நேர்ந்துகொண்டது அது. உயிர் உள்ளவரை தவக்காலம் முழுக்க மாமிசம் வாயில் படாது. மகள் பிழைத்துவிட்டாள், இப்போது திண்டுக்கல்லில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள்.

"பக்கத்து வீட்டு வீரம்மாளத் தின்னு பாக்கச் சொல்றேங்க. அவுக இந்துதான். பொய்யில்லாம எழுதிப்புடுறேன்" என்றாள்.

இதை ஒப்புக்கொண்டிருக்கலாம். புத்தியுள்ள எவனும் ஒப்புக்கொண்டிருப்பான். "கூலிக்கு மாரடிக்கிற சோலி வேணாம். செஞ்சவ தின்னணும், அதுதான் முறை. ஆர்டருக்கு முதல் சரக்கு அனுப்புற அன்னைக்கு நான் வந்து நிப்பேன். என் கண்ணு முன்னாடி நீ தின்னாத்தான் கையெழுத்து" என்றேன்.

கையோடு சூசைமாணிக்கத்திடமும் போனேன். அவரும் அதே கோயில், அதே தவக்காலம். அவர் ஓட்டல் நோட்டைக் கேட்டு வாங்கி முதன்முறையாக உட்கார்ந்து படித்தேன். அதுவரை அவர் நீட்டுவார், நான் கையெழுத்துப் போடுவேன், பிரியாணி வரும். தின்று பார்த்த கட்டம் அன்று வரைக்கும் நிறைந்திருந்தது. அதைத் தாண்டி அடுத்த வாரத்துக்கும், அதற்கடுத்த வாரத்துக்கும் நிறைந்திருந்தது. கடை மூடிக்கிடக்கப்போகிற பெரிய வெள்ளிக்குக்கூட மட்டன் கட்லெட் தின்று பார்த்ததாக ஒரு டிக்.

"நீங்களும் தவக்காலம்தான? இதெல்லாம் யாரு தின்னது?" என்றேன்.

சூசைமாணிக்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். "நோட்டுக்கு ஏது சார் தவக்காலம்? அது வருசம் பூராவும் கறி திங்கும்."

அடைக்கலமேரியிடம் கேட்டதில் கால்வாசியையாவது இவரிடம் கேட்டிருக்க வேண்டும். அன்று மாலை மழையும் சேர்ந்துகொண்டது. மேலே அறையில் எனக்காக ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. இனிமேலாவது ஒழுங்காக எழுதுங்கள் என்று முனகிவிட்டு மாடிப்படி ஏறினேன்.

விடுதி ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி லீவுக்கு மூடுகிறது. பிள்ளைகள் காலை பத்து மணி பஸ்ஸில் மலை இறங்குகிறார்கள். வழியில் தின்ன ஆளுக்கு இரண்டு கட்லெட் கட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு கடைக்காரர்களும் ஆளுக்கு எண்பது போட்டுக் கொண்டு வாருங்கள், அதையும் நோட்டையும் பார்த்து ஜூன் மாதத்திலிருந்து யாருக்கு ஆர்டர் என்று சொல்கிறேன் என்றார் வார்டன். அவருக்கு அது ஒரு சனிக்கிழமை, அவ்வளவுதான். அடைக்கலமேரிக்கு அது பெரிய வெள்ளிக்கு மறுநாள், தவக்காலத்தின் கடைசி நாள். அன்று நடு இரவுப் பூசை முடிந்துவிட்டால் அவள் தாராளமாகக் கறி தின்னலாம்.

பெரிய வெள்ளியன்று கறிக்கடை திறக்காது. ஆகவே சனிக்கிழமை சரக்குக்கு வியாழக்கிழமையே கறி வாங்கினார்கள். ஒரே கறிக்கடை, ஒரே ஆட்டுக்கறி. அடைக்கலமேரி முன்னால் நின்றாள், ஓட்டல் ஆள் பின்னால் நின்றான். அடைக்கலமேரி அன்று இரவே கறியைக் கொத்தி மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி வைத்தாள். சாதாரண நாளாக இருந்தால் மறுநாள் காலையும் மாலையும் ஒருமுறை சூடு காட்டியிருப்பாள். பெரிய வெள்ளியன்று அந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைப்பதில்லை. அவரவருக்கு அவரவர் வழக்கம். சூசைமாணிக்கம் கறியை ஐஸ்பெட்டியில் வைத்தார். வியாழன் இரவு இடிமழையில் போன கரண்ட் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. அந்த லாட்ஜில் இருட்டில் உட்கார்ந்திருந்தவன் நான், எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வெள்ளனே ஆறு மணிக்குக் கொட்டகைக்குப் போனேன். முதல் ஈடு வாணலியிலிருந்து வெளியே வந்திருந்தது. பூண்டி கிராமத்து வெள்ளைப்பூண்டு வாசனை வாசல் வரை வந்தது. நான் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். எவ்வளவு பெரிய அதிகாரி!

அவள் ஒரு கட்லெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு ராத்திரியோட முடியுதுங்க சார்" என்றாள்.

"பஸ் பத்து மணிக்கு. ராத்திரிக்கு இல்ல."

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். வாய்க்குள் மகள் பெயரைச் சொன்னது எனக்குக் கேட்டது. கடித்தாள். மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்ல மென்றாள், விழுங்கினாள், மீதியையும் தின்றாள். பிறகு கண்ணைத் திறந்து, "சரியில்லைங்க" என்றாள்.

"என்ன சரியில்ல?"

"கடைசியில ஒரு புளிப்புத் தட்டுது. லேசாத்தான். ஆனா தட்டுது."

நானும் ஒன்றை எடுத்துத் தின்றேன். பதினெட்டு வருடப் பரிசோதனைக் கூடத்து நாக்கு. ஒன்றும் தெரியவில்லை. "நல்லாத்தான் இருக்கு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருப்பே" என்றேன்.

"எலுமிச்சம்பழம் போடவே இல்லைங்க."

"அப்ப மசாலா. உனக்குக் கறி தின்னுட்டோமேன்னு மனசுல உறுத்துது, அது நாக்குல புளிக்குது. அனுப்பு, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றேன். அவளை விரதம் முறிக்க வைத்தாயிற்று, ஆர்டரையாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு அப்போது அவசரம்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நாப்பது நாளா கறி படாத நாக்குங்க சார் இது. உங்க நாக்கு நேத்தும் தின்ன நாக்கு. இது பிள்ளைகளுக்குக் குடுக்குற சரக்கு இல்லைங்க."

நான் சொல்லச் சொல்ல, தட்டோடு எடுத்துப்போய்க் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழியில் கொட்டினாள். பிசைந்து வைத்திருந்த மிச்சத்தையும் கொட்டினாள். நாய் தின்றுவிடக் கூடாதென்று மேலே சாம்பலைப் போட்டு மண்வெட்டியால் மண்ணை இழுத்து மூடினாள். உள்ளே வந்து கையைக் கழுவி, நோட்டை எடுத்து எழுதினாள். "ஒன்று தின்றேன். புளித்திருக்கிறது. எண்பதும் கொட்டியாயிற்று." பதினொரு கடை, பதினொரு நோட்டு, மூன்று மாதம். அத்தனையிலும் சந்தேகமில்லாமல் உண்மை என்று நான் சொல்லக்கூடிய வரி அது ஒன்றுதான்.

விடுதிக்கு ஆள் அனுப்பிச் சொன்னாள். வார்டன் சூசைமாணிக்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். எண்பது போட்டு வைத்திருந்த மனிதர் ஒரு மணி நேரத்தில் நூற்றறுபது கொடுத்தார். எதைச் சேர்த்தாரோ, யார் கண்டது? யாரும் தின்று பார்க்கவில்லை, டிக் முன்னாலேயே போட்டிருந்தது.

மதியம் மூன்று மணிக்கு என் வயிறு அடைக்கலமேரியின் கட்சியில் சேர்ந்தது. இரவு வரைக்கும் நான் லாட்ஜ் கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். எழுந்தபோதெல்லாம் அதே கறியைத் தின்றுகொண்டு மலை இறங்கிய எண்பது பிள்ளைகளும் ஞாபகம் வந்தார்கள்.

மறுநாள் பாஸ்கா. சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். அவளுக்கும் இரவெல்லாம் முடியாமல் இருந்திருக்கிறது, நடு இரவுப் பூசைக்கே போகவில்லை. நான் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தேன். "இந்தா, ஏப்ரல் மாசத்த மட்டும் இதுல திருப்பி எழுதிரு. சனிக்கிழமைக்குக் கறி வரலை, அதனால சரக்குப் போடலைன்னு எழுது. பழைய நோட்ட நான் கிழிச்சுப் போட்டுர்றேன். இல்லாட்டி உனக்குச் சான்றிதழ் குடுக்க முடியாது" என்றேன்.

அவள் நோட்டைத் தொடவில்லை. "மோந்து பாத்து டிக் போட்டதுக்கு அன்னைக்கு அம்புட்டுப் பேச்சுப் பேசுனீங்க."

"அது வேற, இது வேறம்மா."

"என் மக உசுருக்கு நேந்துக்கிட்டது சார். அதை முறிச்சுத் தின்னுட்டு எழுதுன எழுத்து அது. இப்ப அதையும் பொய்யாக்கிட்டா, நான் எதுக்குத் தின்னேன்?"

புது நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பழைய நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை இரண்டு கடை நோட்டையும் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். அடைக்கலமேரியும் கூடவே வந்தாள். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். வார்டன் சண்முகவள்ளி கெட்டிக்காரர், நல்ல மனுஷிதான். நோட்டுகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"சூசைமாணிக்கம் கடையில ஒரு குறையும் இல்லையே, ஒரு நாள்கூட விடலை. இந்தம்மா கடையில பாருங்க, கெட்டுப்போச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. கெட்டதுன்னு பதிவானா சான்றிதழ் கிடையாதுன்னு உங்க விதியே சொல்லுது. அன்னைக்கு மட்டும் பிள்ளைகளுக்குக் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"பிள்ளைங்க நல்லபடியாப் போய்ச் சேர்ந்தாங்களா?" என்று கேட்டேன்.

"சேர்ந்தாங்க. வழக்கம்போல பஸ்ல வாந்தி. இந்தத் தடவை கொஞ்சம் ஜாஸ்தி, முப்பது பேர் கிட்டன்னு கண்டக்டர் சொன்னாரு. வளைவுதான் காரணம். அந்த ரோட்டுல வாந்தி எடுக்காம யாரு இறங்கியிருக்கா?"

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். அம்மா, அது வளைவு இல்லை, கறி. இந்த நோட்டில் இருக்கிறதெல்லாம் பொய், அந்த நோட்டில் இருக்கிற அந்த ஒரு வரிதான் மெய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். இந்தப் பொய்க்குக் கீழே வாரா வாரம் இருக்கிற கையெழுத்து யாருடையது? மலைச்சாமியின் ஆணியில் தொங்கிய துணியைப் பார்த்துச் சிரித்தவன், நான் தொங்கியது எந்த ஆணியில் என்று சொல்ல வேண்டியிருக்கும். எனக்குத் தைரியம் வரவில்லை. எழுத்தில் பூசி மெழுகுகிற வேலையே தேவலை என்று தோன்றிவிட்டது.

சங்கத்திலிருந்து முன்பே வந்திருந்த சான்றிதழை வார்டன் என் பக்கம் நகர்த்தினார். சூசைமாணிக்கத்தின் பெயர் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

கேட்டுக்கு வெளியே வந்தேன். அடைக்கலமேரி நான் முகத்தைத் திருப்பியதிலேயே பாதியைத் தெரிந்துகொண்டிருப்பாள்.

"என்னங்க சார் சொன்னாங்க?"

"உன் நோட்டுல கெட்டுப்போச்சுன்னு இருக்குல்ல. அதைப் பாத்துட்டாங்க."

"அது நான் எழுதுனதுதானங்க, எனக்குத் தெரியும். நீங்க என்ன சொன்னீங்க?"

நான் நோட்டை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களுந்தான தின்னீங்க சார்?" என்றாள். நோட்டை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் வெள்ளனே லாட்ஜில் என் அறைக் கதவைத் தட்டிக் காபி கொண்டுவந்தவள் அவள்தான். டம்ளரை மேஜையில் வைத்தாள். "சூடா இருக்குங்க சார், பாத்துக் குடிங்க" என்றாள். நான் தலையை நிமிர்த்தாமல் வாங்கிக் குடித்தேன்.